குவேக்கர்ஸ் ஹில் உறவுக்காரர்

ஓ.எல். வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத வந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

போன குளிர்காலம், மெல்பேர்ன் நோபல் பார்க்கில் நடந்தது இது. அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தான் இறந்தபின் அக்காவுக்கு இந்த நாட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மன்னாரிலிருந்து எங்கள் அப்பப்பாவின் தம்பி ஒருவர் அந்தக் காலத்திலேயே கப்பலேறி ஒஸ்ரேலியா வந்தவராம். "அவற்ற ஆக்கள் இஞ்ச எங்கயோ இருப்பினம். தேடிப் பாரன்" என்று அக்கா என்னை விடவில்லை.

எங்கள் இருவர் பாஸ்போட்டிலும் குடும்பப் பெயராக இருப்பது ஒரு புனிதரின் பெயர். அதை வைத்துப் பழைய சனத்தொகைக் கணக்கெடுப்புகளை நூலகக் கணினியில் தேடினேன். மல்கிரேவில் முதியோர் இல்லத்துச் சலவை வேலை முடிந்து, கால் உளைய அங்கே போய் உட்காருவேன். மங்கிய கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும். கடைசியில் சிட்னிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் இருந்தது. வம்சம் தேடுகிறவர்களின் இணையப் பக்கம் ஒன்றில் அவருடைய பேரனும் அகப்பட்டார். சிட்னிக்கு அருகே குவேக்கர்ஸ் ஹில்லில் தனியாக இருக்கும் கிழவர். தன் பாட்டன் எந்த நாட்டவர் என்று அவருக்கும் தெரியாது. அக்கா ஞாயிறுதோறும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரோடு தொலைபேசியில் பேசத் தொடங்கினார். அவருக்குத் தடிமன், இருமல் என்றால் மல்லித்தண்ணி வைக்கச் சொல்லிக் கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண்ணிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஏங்க, அது உங்க அப்பா பேருதானே?"

"ஓம்."

"உங்க அப்பா பொறக்கிறதுக்கு முன்னாடி எடுத்த கணக்குல, அவர் பேரை வச்சா தேடுனீங்க? தாத்தாவோட தம்பிக்கு உங்க அப்பா பேரு எப்படிங்க வரும்?"

மடித்த படுக்கை விரிப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நான் அதை எடுத்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினேன். தகப்பன் பெயரைப் பின்னால் போடுவதுதானே எங்கள் வழக்கம்? தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். இங்கே வந்து படிவம் நிரப்பி நிரப்பி, அதை வம்சப் பெயர் என்றே நம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்ற அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அப்பப்பான்ர அப்பாக்கு என்ன பேர்? அதைத்தானே தேடியிருக்கோணும்" என்று அக்கா கேட்டார்.

இருவருக்கும் தெரியவில்லை. அக்கா அடுப்பை அணைத்தார்.

"உன்னைப் போய் தேடச் சொன்னன் பார்" என்றார். பிறகு, "அந்த மனிசனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போதும் எந்தப் படிவத்திலாவது குடும்பப் பெயரைக் கேட்டால், அப்பாவின் பெயரை எழுதுமுன் என் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு பூசை முடிந்து வந்து அக்கா அவரிடம் உண்மையைச் சொன்னார். அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குப் போன் எடுப்பீர்கள் என்று அவர் கேட்டார்.