மஞ்சள் டேப்பில் இரண்டெழுத்து

கிளெமென்ட் ராம்ஸ்டன் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இப்போது இங்கிலாந்தில் விட்பிக்குப் பக்கத்தில், சக்கர வீடுகள் நிற்கும் எங்கள் கேரவன் மைதானத்தில் யாருடைய ஹீட்டர் படுத்துக்கொண்டாலும் அவர்தான். காசு வாங்க மாட்டார். பாராட்டை மட்டும் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொள்வார். எந்த ஒயரை இணைத்தாலும் மஞ்சள் டேப் சுற்றி, தேதியும் 'சி.ஆர்.' என்று இரண்டெழுத்தும் எழுதுவார். யார் செய்த வேலை என்று பின்னால் சண்டை வரக் கூடாதாம். இந்த அலட்டல் எனக்கு ஆகவே ஆகாது.

என் பக்கத்தில் வில்ஃப், ஈனிட் தம்பதியின் கேரவன். அதற்கு இருபத்தாறு வயது, ஹீட்டருக்கும் அதே வயது. கேஸ் பக்கத்தை எப்போதோ மூடிவிட்டார்கள், கரண்ட் பக்கம் மட்டும்தான் ஓடியது. அதுவும் அக்டோபரில் நின்றபோது கிளெமென்ட் வந்து சரிசெய்தார். டிசம்பரில் மறுபடி செத்தது. வில்ஃப் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஈனிட் பார்த்துவிட்டார். கெடுத்தது இவர்தான் என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டவர்தான், மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை.

அந்தக் குளிரில் ஊருக்குப் போனவர்கள் மார்ச்சில்தான் திரும்பி வந்தார்கள். ஈனிட்டுக்கு நெஞ்சுச் சளி, குளிர் ஆகாது. கேரவனை விற்பது என்று முடிவாகி, சனிக்கிழமை வாங்க ஆள் வருவதாக இருந்தது. வில்ஃபுக்கு அந்தக் கேரவன்தான் உயிர். மனிதர் வாயே திறக்கவில்லை.

எங்கள் மைதானத்தில் யாரும் உதவி கேட்பதில்லை. வியாழன் காலை ஈனிட் டீக் குவளையோடு கிளெமென்ட் வாசலில் போய் நின்றார்.

"இன்னிக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி, இல்ல?"

உடனே வா என்று அர்த்தம். கிளெமென்ட் பெட்டியோடு வந்தார். டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க செஞ்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு கிளெம். இந்த மனுஷன் கை வெச்சாரு, தீர்ந்துச்சு," என்றார் ஈனிட். வில்ஃப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளெமென்ட் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. வெளியே போய், கேரவனுக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பத்திலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தார். சூடேறும் கம்பி நன்றாக இருந்தது. சூடு மிஞ்சினால் அணைக்கும் சின்ன சுவிட்சும் சரி. பிறகு பின்பக்கம் கைவிட்டு ஒயரை இழுத்தார்.

ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் உருகி, கருகி, அப்பளம் போல நொறுங்கியது. அதன் பக்கத்தில் பாதி தீய்ந்த மஞ்சள் டேப். இரண்டெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

டார்ச் என் கையில் இருந்ததால் நானும் பார்த்தேன். ஈனிட் பார்க்கவில்லை. கிளெமென்ட் நினைத்திருந்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். டேப்பை ஈனிட்டிடம் நீட்டினார். காது சிவந்துவிட்டது.

"ஈனிட், இது வில்ஃப் பண்ணது இல்ல. நான் பண்ணது. இந்தச் சூட்டுக்குப் பீங்கான் கனெக்டர் போட்டிருக்கணும். அன்னிக்குக் கைல இல்ல, பிளாஸ்டிக்கே போதும்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது. தீப்பிடிச்சிருந்தா..."

அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

ஈனிட் டேப்பை வாங்கிப் பார்த்தார். கணவரிடம் திரும்பினார்.

"டிசம்பர்ல தொறந்தப்ப இதப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் மூணு மாசமா நான் திட்டுறேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

வில்ஃப் தலையைச் சொறிந்தார். "இவன் அன்னிக்கு வேலைய முடிச்சுட்டு எவ்வளவு சந்தோஷமா டீ குடிச்சான் தெரியுமா? எப்படிச் சொல்றது?"

"அதுக்காக வண்டிய விக்கவும் விட்டுடுவீங்களா?"

கிளெமென்ட் தரையைப் பார்த்தபடி பெட்டியிலிருந்து பீங்கான் கனெக்டரையும் சூடு தாங்கும் ஒயரையும் எடுத்தார். ஈனிட் அவர் கையைத் தடுத்தார். கைப்பையைத் திறந்து, அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கணவர் கையில் வைத்தார்.

"நீங்க போடுங்க. கிளெம் டார்ச் பிடிக்கட்டும். சனிக்கிழமை வர்றவர்கிட்ட நான் வர வேணாம்னு சொல்லிடறேன்."

டார்ச்சைக் கிளெமென்டிடம் கொடுத்தேன். வாங்கி, வில்ஃப் கைக்கு நேரே பிடித்தார்.