அம்மா தூங்கிய சனிக்கிழமை

ஏழு வயது வரை அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. நான் கண்ணை மூடும்போது மேசை விளக்கடியில் எழுதிக்கொண்டிருப்பாள். கண்ணைத் திறக்கும்போது அடுப்படியில் நிற்பாள். பெரியவர்களுக்கு விழுந்த பல் முளைக்காததுபோல, ஒரு வயதுக்கு மேல் தூக்கமும் வராது போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அப்போது நாங்கள் இருவரும் கனடாவில், மொன்றியலில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். தாவரவியலில் ஆராய்ச்சி செய்ய அம்மாவுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. அப்பா வேலையை விட முடியாமல் சென்னையிலேயே தங்கிவிட்டார். பெண்டாட்டியைப் படிக்க அனுப்பிவிட்டுத் தானே பொங்கித் தின்கிறவர் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெயர். குழந்தையையும் இழுத்துக்கொண்டு பனியில் அலைகிறவள் என்று அம்மாவுக்குப் பெயர். தரைக்குக் கீழே ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஜன்னலில் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும் தெரியும்.

வெளிநாட்டு மாணவர்களைச் சனி ஞாயிறுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று பல்கலைக்கழகத்தில் இருந்தது. அம்மா பெயர் கொடுத்திருந்தாள். வெள்ளைக்காரர் வீட்டில் தங்கப்போகிறோம் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, எங்களை அழைத்தது ஒரு ஜப்பான் குடும்பம். கனடாவில் எப்படி வாழ்கிறார்கள் என்று இந்தியர்களுக்குக் காட்டும் பொறுப்பு எப்படியோ ஜப்பான்காரர்கள் தலையில் விழுந்திருந்தது.

அந்த வீட்டு மாமாவுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. காரில் வந்து எங்களை நகரத்தை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கார் வருவதற்கு முன்பே அம்மா என்னைத் தயார் செய்துவிட்டாள். போட்டதைச் சாப்பிட வேண்டும். எதையும் தொடக் கூடாது. முக்கியமாக, அவர்கள் பேசும்போது கொட்டாவி விடக் கூடாது.

வாசலில் குனிந்து வணங்கி வரவேற்றவரை அன்றிலிருந்து நாங்கள் ஜப்பான் அத்தை என்றே சொல்லிக்கொண்டோம். நாங்கள் சைவம் என்று தெரிந்து, மீன் வாடையே படாமல் சமைத்திருந்தார். சோறு, எள் போட்ட கீரை, முள்ளங்கி ஊறுகாய். சாப்பாட்டு மேசை முழங்கால் உயரம்தான். அதன்மேல் கனமான மெத்தைப் போர்வை ஒன்றை விரித்து, அடியில் சிறிய மின்கணப்பு வைத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து போர்வைக்குள் காலை நீட்டினால் இதமான சூடு மெல்ல இடுப்புவரை ஏறும்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா தன் கப்பல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டிய தலை ஒருமுறை கீழே போனது. பிறகு மேலே வரவேயில்லை. மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள்.

எனக்கு மானம் போயிற்று. போர்வைக்கடியில் கையை விட்டு அம்மாவின் தொடையைக் கிள்ளினேன். அசையவில்லை. மாமா வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டார். அத்தை உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். தலையணை கொண்டுவந்து, அம்மாவின் தோளைத் தாங்கி மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். மத்தியானம் துறைமுகம் காட்டுவதாகச் சொல்லியிருந்த மாமா, எடுத்து வைத்த கோட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினார். தொலைபேசியைத் தூக்கி இரண்டு மெத்தைகளுக்கு நடுவே செருகினார். என்னைவிடச் சற்றுப் பெரிய அவர்கள் பெண், தட்டையான கண்ணாடிச் சில்லுகளைக் கொண்டுவந்து, சத்தம் கேட்காமலிருக்கப் போர்வை நுனியில் பரப்பினாள். ஒன்றை விரலால் சுண்டி இன்னொன்றில் அடிக்கும் விளையாட்டு. ஜெயித்தால்கூட மூச்சுவிடாமல்தான் ஜெயித்தோம்.

இருட்டிவிட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. தூங்கியே அறியாதவள் தூங்கினால் என்ன அர்த்தம்? மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது, ஆனால் எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

"அம்மா எழுந்திருக்கவே மாட்டாங்களா?" என்று அத்தையிடம் இங்கிலீஷில் கேட்டேன்.

அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. "அம்மா டயர்ட்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரொம்ப நாளா டயர்ட்" என்றார். என்னைப் போர்வைக்குள் அம்மாவின் முதுகோடு ஒட்டிப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில்தான் அம்மா விழித்தாள். சுற்றிப் பார்த்தாள். என்னை உலுக்கினாள்.

"விடிஞ்சிடுச்சா? நீ ஏன்டி என்னை எழுப்பல?"

"கிள்ளினேனே. நீதான் எழுந்துக்கல."

"அவங்க என்ன நெனச்சிருப்பாங்க!"

கை கூப்பி மன்னிப்புக் கேட்டாள். அத்தை பதிலுக்குக் குனிந்தார். அம்மா இன்னும் குனிந்தாள், அத்தை அதற்கும் கீழே போனார். அம்மா புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கோட்டை அத்தை எடுத்துக்கொடுத்தபோது, வெகுநாளாக இல்லாமலிருந்த பொத்தான்கள் அதில் தைக்கப்பட்டிருந்தன. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று அந்த வாரம்தான் அவள் முடிவு செய்திருந்தாள். அதை நான் பெரியவளான பிறகு சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், திங்கட்கிழமை அவள் எப்போதும்போல ஆய்வுக்கூடத்துக்குப் போனாள் என்பதுதான். எனக்குக் கிடைத்த ஞானம் வேறு: விருந்தாளியைச் சாப்பிடவைத்துத் தூங்கவைப்பது ஜப்பான்காரர் வழக்கம். வகுப்பில் அதை எழுந்து நின்று சொல்லியும் வைத்தேன்.

பனி உருகியதும் அம்மா அவர்களைச் சாப்பிட அழைத்தாள். மாமாவுக்கு அன்று கப்பல் வந்திருந்ததால் அத்தையும் அந்தப் பெண்ணும் மட்டும் வந்தார்கள். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். நடுவில் அத்தை, தன் அம்மா இந்தக் குளிர்காலத்தில் ஊரில் இறந்துபோனதாகவும், அவ்வளவு தூரம் தன்னால் போக முடியவில்லை என்றும் சொன்னார். வானிலை சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் நான் அப்பளத்தில் பெரியது எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, தலையணை போட்டு, அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். தூங்குங்கள் என்றேன்.

"ஏய், என்னடி பண்றே?" என்று அம்மா பதறினாள்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையணையைச் சரிசெய்துவிட்டு, தட்டுகளைச் சத்தம் வராமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

அத்தை சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கின. அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தாள்.

எங்கள் வீட்டுத் தரை சில்லென்றிருக்கும். அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டேன்.