தள்ளி நிண்டு பாருங்கோ

அஞ்சலீனாவுக்கு மத்திய லண்டனில் ஓர் ஓவியக் கூடத்தில் காவல் வேலை. இல்ஃபோர்டில் எங்கள் கோயில் பங்குச் சனத்துக்கு அதில் பெருமைதான். அவளுடைய புருஷன் செபமாலைமுத்துவுக்கு மட்டும் அது வேலையாகவே தெரியவில்லை. "சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதுக்கு ஆரும் இல்ஃபோர்டில இருந்து ரயில் ஏறிப் போவினமோ?" என்று, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ஆட்களுக்கு முன்னாலேயே கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நின்று பார்த்தால்தானே ஐயா, கால் உளைவது தெரியும்!

இந்த வருஷம் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். தம்பி நிரூபன் இல்ஃபோர்டில் கடை திறக்கப் போகிறான் என்றதும், "அண்ணி வந்து நிப்பா" என்று அவளைக் கேளாமலே வாக்குக் கொடுத்துவிட்டார். அஞ்சலீனா சண்டை பிடிக்கவில்லை.

"ஒருக்கா வந்து என்ர அறையைப் பாருங்கோ. பார்த்த பிறகும் வேலையை விடச் சொன்னால் விடுறன்."

விசரி, புத்தி கெட்டவள்! அவளுக்கு அந்த வேலை உயிர் என்று எனக்குத் தெரியும். பயந்து பயந்து, சாட்சிக்கு நானும் கூடப் போனேன்.

அவள் காவல் நிற்கும் அறையில் அவளுக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. கிரேக்கச் சிலைகளின் அழகைக் கொண்டாடிய காலத்தில், இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெண் தன்னைத்தானே வரைந்தது. வெள்ளை உடுப்பு, தலையில் சுற்றிய துணி, கையில் தூரிகை. நேரே எங்களைப் பார்க்கிறாள்.

"ஆரப்பா இது?" என்றார் செபமாலைமுத்து.

"படம் கீறின ஆளேதான். நகை நட்டைப் போட்டுக் கீறியிருக்கலாம். தன்ர வேலையோட கீறியிருக்கிறா," என்றாள் அஞ்சலீனா.

வாய் ஓயாத மனுஷன் படத்துக்குக் கிட்டப் போனார். பிறகு வலது கை மெல்ல எழுந்தது. கோயிலில் அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக் கொஞ்சிப் பழகிய கை. விரல் படத்தை நெருங்கியதும் எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

"கையை எடுங்கோ! தள்ளி நில்லுங்கோ!"

கடவுளே, அஞ்சலீனாவின் குரலா அது! செபமாலைமுத்து துள்ளிப் பின்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "இவர் தொடப் போனார், நான் தடுத்துவிட்டேன். இவர் என் கணவர்," என்று அவள் ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் படத்தை உற்றுப் பார்த்து, பழுதில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நாலு பேருக்கு முன்னால் புருஷனை அதட்டிவிட்டாள், இனி வேலை போன மாதிரித்தான் என்று நினைத்தேன். ரயிலில் திரும்பி வந்தோம். இல்ஃபோர்டில் இறங்கியதும் செபமாலைமுத்து போனை எடுத்தார்.

"நிரூபன், அண்ணி வரமாட்டா, வேற ஆளைப் பார். அவ அங்க நிக்காட்டி என்னை மாதிரி ஆக்கள் அந்தப் படத்தைத் தடவியே அழிச்சுப் போடுவினம்."

அஞ்சலீனா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மனுஷனில் முதன்முதலாக ஒரு விருப்பம் வந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து அந்தோனியாரிடம் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தித் திரும்பி அவளைப் பார்த்தார்.

"தொடலாமோ?"

"ஓம், இவரைத் தொடலாம்," என்றாள் அஞ்சலீனா.