கால்சியம்தானே

மதினியின் மார்பகத்துக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா வெளிச்சப் பெட்டியில் செருகியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. சாம்பல் நிறப் படத்தில் ஓரிடத்தில் மட்டும் தூள் உப்பைக் கிள்ளிப் போட்டதுபோல வெள்ளைப் பொடி. கட்டி எதுவும் தெரியவில்லை, கால்சியம் படிந்திருக்கிறது, பலருக்கும் இருக்கும், அநேகமாகப் பயமில்லை என்றார். ஆனால் இப்படிப் பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாமல் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் மதுரைக்குப் போய், ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டான். போலீஸில் இருந்தவன், தனக்கு வேண்டிய வாக்குமூலம் கிடைத்ததும் விசாரணையை முடித்துவிட்டான்.

"கட்டி இல்லன்னுட்டாவல்லா. கால்சியந்தானே. ஊரே மாத்திரை வாங்கித் திங்குது, இவளுக்குச் சும்மா கிடைச்சிருக்கு" என்று தென்காசியைத் தாண்டுமுன்பே சிரித்தான். ஊசி என்றாலே நடுங்கும் மதினியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். வீரகேரளம்புதூரில் எங்கள் போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். "அதே உப்புதான் எனக்குள்ளயும் படிஞ்சிருக்கு. நல்ல தண்ணி குடிச்சா கரைஞ்சிரும்" என்றாள். டாக்டரம்மா சொன்ன மீதிப் பாதியை நான் எடுத்துச் சொன்னேன். நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியாட்டி என்று அண்ணன் என் வாயை அடைத்தான். பிறகு பாலை நிறுத்தினார்கள். சீசன் கூட்டத்தில் ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க நிற்க, இவன் குற்றாலத்திலிருந்து கேன் கேனாக அருவித் தண்ணீர் சுமந்து வந்தான். அவ்வளவு பிரியம். அந்தப் பிரியத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அடித்து உதைக்கிற புருஷனாக இருந்தால் மனதாரத் திட்டவாவது செய்யலாம்.

அடுத்த சீசனும் முடிந்தபோது கட்டி அவள் கையிலேயே தட்டுப்பட்டது. மதுரையில் பார்த்தார்கள். எலும்புவரை போயிருந்தது. கார்த்திகைக்கு அவள் இல்லை.

போன மாதம் எனக்கும் அந்தப் படம் எடுத்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரை. அதே டாக்டரம்மா காட்டினார், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெரிய, உருண்டையான வெள்ளைப் புள்ளிகள். இந்த மாதிரி இருந்தால் வெறும் கால்சியம்தான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவளுக்குப் பொய்யாகப் போன வார்த்தை எனக்கு மெய்யாகிவிட்டது.

வெளியே வந்து, வெறும் கால்சியம்தானாம், ஒன்றும் செய்ய வேண்டாமாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போனது. ஒன்றும் செய்ய வேண்டாமாம் என்று திரும்பவும் சொன்னேன்.

"அவிய சொல்லுவாவ. நீ ஏறுட்டி. மதுரைக்குப் போயி ஊசி வச்சுப் பாத்துருவோம்."

கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு இரக்கம் வரவில்லை. மதினியைக் கூட்டிப்போயிருக்க வேண்டிய ஊருக்கு, ஒன்றுமில்லாத என்னைக் கூட்டிப்போக நிற்கிறான்.