வலது தோள் முந்தானை

போன வாரம் நகரியில் ஒரு நிச்சயதார்த்தம். என் தங்கச்சி மகள் என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்தாள். போனை வாங்கிப் பார்த்தால்... என் முந்தானை வலது தோளில் இருக்கிறது.

“இன்னாடி இது, மாத்திக் கட்டிக்கினு வந்துட்டேனா?”

“இல்ல பெரிம்மா. செல்ஃபி அப்படித்தான். கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும்” என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்து இலை போட்ட பிறகும் அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னே? இதே வலது தோள் முந்தானையால் ஒரு பெரிய மனுஷிக்கு வரவேண்டிய மெட்ராஸ் உத்தியோகத்தைக் கெடுத்தவள் நான்.

கமலவேணி அக்காவைச் சொல்கிறேன். முதலில் சித்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சராக இருந்தவர். ரவிக்கை அளவுகளை ஒரு தாளில் எழுதி, பிரதி எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாள்தான் வளர்ந்து ‘பூந்தலைப்பு’ என்ற மாத இதழாயிற்று. புத்தூரில் ஓர் அச்சாபீஸை ஒட்டிய அறைதான் ஆபீஸ். சேலை, ரவிக்கை, கொண்டை... இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

அக்கா ‘பஃப் கை போதும்’ என்று எழுதினால், வடமாலபேட்டை டெய்லர் மறுநாள் பஃப் கை வெட்டமாட்டார். அவ்வளவு செல்வாக்கு!

அந்தச் செல்வாக்கு சும்மா வரவில்லை. எந்தப் புதுத் தினுசாக இருந்தாலும் அதைத் தானே உடுத்திக்கொண்டு, புத்தூரிலிருந்து திருப்பதிக்குக் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே போவார். வழியில் மூன்று தடவை இழுத்துச் சரிசெய்ய வேண்டி வந்ததா? அந்தத் தினுசு இதழில் வராது. “நின்னுக்கினு போறவளுக்குத்தான் துணி. உக்காந்துக்கினு இருக்கிறவளுக்குக் கோணியும் அழகுதான்” என்பார்.

நான் அங்கே வாசகர் கடிதங்களைப் பிரிப்பேன், புரூஃப் பார்ப்பேன். படிப்பு எட்டாவதோடு சரி.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு, சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் யாருக்கு என்று ஊரெல்லாம் இழுபறி நடந்த சமயம் அது. டீக்கடையில் வடையைக்கூட ‘தமிழ் வடையா, தெலுங்கு வடையா’ என்று கேட்டுத் தின்றார்கள் என்று வையுங்களேன்.

அந்த நாளில்தான் மெட்ராஸில் ஒரு பெரிய வார இதழ் அக்காவைக் கூப்பிட்டது. பெண்கள் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ‘இந்த மாதப் பூந்தலைப்பை அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கடிதம் போடுகிறோம்’ என்றார்கள்.

அக்கா மெட்ராஸில் இருந்த அந்த நான்கு நாளில்தான் இதழ் அச்சுக்குப் போயிற்று. நடுப்பக்கத்தில் நகரித் தறியில் நெய்த கட்டம் போட்ட சேலை. கட்டி நின்றது யார்? நான்தான். வேறு எந்த வீட்டுப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. என் நைனாகூட ஒரு நிபந்தனை போட்டுத்தான் விட்டார் — கழுத்துக்குக் கீழேதான் படம் வரவேண்டும்.

அந்த நாளில் போட்டோவை மெட்ராஸுக்கு அனுப்பி, தகட்டில் பிளாக் எடுத்து வருவார்கள். பிளாக் செய்தவர் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டார். இடது தோள் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது.

புரூஃப் என் கைக்கு வந்தது. நன்றாகப் பார்த்தேன். எனக்கு உறுத்தவே இல்லை. எப்படி உறுத்தும்? அதுவரை என்னை நான் பார்த்ததெல்லாம் கண்ணாடியில்தானே... கண்ணாடியில் இருக்கிற மாதிரியே படத்திலும் இருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். அக்கா திரும்பி வருவதற்குள் இதழ் மெட்ராஸுக்கும் கடைகளுக்கும் போய்விட்டது.

பத்தே நாள். புத்தூர்ச் சந்தையில் வலது தோள் முந்தானைகள் நடமாட ஆரம்பித்தன. சில வீடுகளில் மாமியார்–மருமகள் சண்டை.

அதோடு போயிற்றா? திருப்பதி ஏஜென்ட் இதழ்க் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் மேஜைமேல் போட்டார்.

“ஏமம்மா இதி? தமிழ்ப் பொம்பளைங்க வலது பக்கம், எங்க பொம்பளைங்க இடது பக்கமா? துணியிலயும் எல்லை போடறீங்களா? என் கடையில வந்து கேக்கறாங்கம்மா.”

அன்று சாயங்காலமே, எங்கள் ஊர்களைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லிப் போராடிய எல்லைக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

“அம்மா, நாங்க தொண்டை கிழியக் கத்திக்கினு கீறோம். நீங்க ஒரே படத்துல பிரிச்சிக் காட்டிட்டீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க, அப்படியே விட்டுடுங்க. ஊர் ஊரா நான் சந்தா சேத்துத் தரேன். மெட்ராஸ்காரனும் ‘இவங்கதான்யா எடிட்டரு’ம்பான்.”

“காபி சாப்பிடுங்கண்ணா” என்றார் அக்கா.

அவர் போனதும் நான் அழுதுவிட்டேன். “நான்தான்க்கா புரூஃப் பாத்தேன். என் பேரைப் போட்டு எழுதிடுங்க.”

“உன் பேரு யாருக்குடி தெரியும்? கழுத்துக்குக் கீழ இருக்கிறவ நீ.”

“அப்ப சும்மா இருந்துடலாம்க்கா. மெட்ராஸ் கடுதாசி வந்த பெறகு சொல்லிக்கலாம்.”

அக்கா என்னையே பார்த்தார். “ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்க. என்னைக் கூத்தாடியாக்கப் பாக்கறியா? எவளோ ஒருத்தி என் படத்தை நம்பி மாமியார்கிட்ட திட்டு வாங்கிக்கினு இருக்கா. அவளுக்கு நான் இன்னா சொல்றது?”

இரண்டாம் நாளே ஒரு தனித்தாள் அடித்தார். சரியான படம். கீழே நாலு வரி: ‘போன படம் திரும்பி அச்சாகிவிட்டது. இது ஃபேஷன் இல்லை. மொழியும் இல்லை, எல்லையும் இல்லை. தப்பு. தப்பு என்னுடையது — கமலவேணி, ஆசிரியர்.’

சந்தாதாரர் எல்லோருக்கும் போயிற்று. மெட்ராஸுக்கு ஒரு தாளை அவரே கவரில் போட்டு ஒட்டினார். “நாளைக்குத் தெரியறது இன்னிக்கே தெரியட்டும்.”

மெட்ராஸிலிருந்து மூன்று வரிக் கடிதம் வந்தது. வேறு ஒருவரை நியமித்துவிட்டார்களாம். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அக்கா அதில் ரவிக்கைக் கழுத்தை வரைந்து, கத்தரித்து, மாடல் கட்டோடு சேர்த்துவிட்டார். அன்று மட்டும் காபி குடிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

திருப்பதி ஏஜென்ட் கட்டைத் திரும்ப எடுத்துப் போனார். கமிட்டிக்காரர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆனால் நகரியிலிருந்து ஒரு தறிக்காரப் பெண், இடுப்பில் பிள்ளையோடு நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

“தப்புன்னு எழுதிட்டீங்களாமே. எம் புள்ள எப்பவும் இடது இடுப்புலதான் கீறான். அந்தப் பக்கம் முந்தானை போட்டா இழுத்துக்கினே இருப்பான். உங்க படத்தைப் பாத்து மாத்தினேன், நிம்மதியா கீது. நீங்க தப்புன்னாலும் நான் மாத்தமாட்டேன்மா.”

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போட்டார்.

பிறகு எல்லை ஒருவழியாக முடிந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, புத்தூரும் நகரியும் ஆந்திரப் பக்கமே நின்றன. பூந்தலைப்பு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. கண் மங்குகிற வரைக்கும் அக்கா அதே அறையில்தான் எடிட்டர். புரூஃப் பார்த்தவள் பெயரைக் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். ஃபேஷனை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் — பிளாக் செய்கிறவர்கூட. ‘தப்பு என்னுடையது’ என்று கீழே பெயர் போடத்தான் ஓர் எடிட்டர் வேண்டும்.