சாமி வாத்துக்குத் தனிக் குட்டை கேட்ட சூசையம்மா

நேற்றுக் காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்த கங்காணி, "சூசையம்மா இனி வராது லா. காய்ச்சல் கொண்டுபோயிட்டுது" என்றார். ரப்பர் பால்வெட்டுக் கத்தி என் கையிலிருந்து நழுவிவிட்டது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எங்களுக்குள் இன்னும் எத்தனை சண்டை பாக்கி இருக்கிறது!

நான் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. சூசையம்மா வேதக்காரர், சிலுவையைக் கும்பிடுகிறவர். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டையில் எல்லார் வாத்தும் ஒன்றாகவே மேயும். முட்டையை நம்பித்தான் பாதி வீட்டில் சாப்பாடு. வருஷா வருஷம் மழைக்காலத்தில் வாத்துகளுக்குக் கொள்ளை நோய் வரும். பச்சையாகக் கழிந்து, காலை இழுத்து, ஒரே வாரத்தில் குட்டை காலியாகும். பிழைத்த நாலைந்தும் அம்மன் விட்டுவைத்தவை என்று மஞ்சள் நூல் கட்டுவோம். புதுக்குஞ்சுகளை ராசிக்காக அவற்றோடுதான் இறக்குவோம். நூல் கட்டியவன் நான்தான்!

போன வருஷம் சூசையம்மா கோயில் வாசலுக்கே வந்துவிட்டார். "பூசாரி அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பிழைச்ச வாத்துக்கிட்டதான் சீக்கு ஒளிஞ்சிருக்கு. அது நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல போனது சாவுது லா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அம்மன் வாத்தையா சொல்றே? வாயை அடக்கு!" என்று எகிறினேன். மரியாதைகூடக் கொடுக்கவில்லை.

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். தம்மிடமிருந்த இருபது குஞ்சுகளில் பத்தை மஞ்சள் நூல் வாத்துகளோடு விட்டார். மீதிப் பத்தை வீட்டுப் பின்புறம் அடைத்து, கிணற்றுத் தண்ணீர் மட்டும் வைத்தார். குட்டைக்குப் போய்வந்தால் காலைக் கழுவாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். குட்டையில் விட்டவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. அடைத்தவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை! கடைசியாகச் செத்ததை மடியில் வைத்து அழுதவர், அழுகையோடேயே, "பாத்தீங்களா அண்ணே, பாத்தீங்களா!" என்று கத்தினார். "பாத்துட்டேன், பாத்துட்டேன்!" என்று நானும் கத்தினேன். லயமே ஓடிவந்தது.

சாமி வாத்தை வெட்டச் சொல்வாரோ என்று எனக்குப் பயம். அவரோ, "அம்மன் வாத்தை யாரு வெட்டுவா? கோயிலுக்குப் பின்னால தனிக் குட்டை வெட்டிக் குடுங்க, வெளிய விடாதீங்க. பழைய குட்டைத் தண்ணியிலயும் கொஞ்ச மாசம் எதையும் இறக்காதீங்க" என்றார். மண்வெட்டியை நானே எடுத்தேன்.

இந்த மழைக்காலம், பழைய குட்டையில் மறுபடி இறக்கிய வாத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை.

இன்று பிரேதத்தைக் குட்டைக்கரை வழியாகத்தான் தூக்கிப்போனோம். அத்தனை வாத்தும் ஒன்றாகக் கத்தியதில் வேதக்கோயில் சாமியாரின் ஜெபம் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. அவரும் நிறுத்திவிட்டு நின்றார். யாரும் விரட்டவில்லை.

அன்றைக்குச் சொன்ன சொல்லை மன்னிச்சிடும்மா. போய் வா, தங்கச்சி.