வெர்லீனின் ஊதல்

வெர்லீன் பிறப்பதற்கு முன்பே அவள் அப்பன் ஹோபர்ட், ஓஹையோவில் டயர் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனவன், போனவன்தான். வேறு ஊராக இருந்தால் பாவம் என்று உச்சுக் கொட்டியிருப்பார்கள். ஸ்பைஸ்வுட் ஓடை என்கிற எங்கள் ஊரில் விழா எடுக்காததுதான் குறை. கைக்குழந்தைகளுக்கு நாக்கில் தயிர் அப்பினாற்போல் வெள்ளை படருமே, அப்பன் முகத்தையே பார்க்காத பிள்ளை ஒன்று அந்த வாயில் மூன்று தடவை ஊதினால் அது இறங்கிவிடும். கெண்டக்கி மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். அப்படி ஒரு பிள்ளை எங்களுக்கே சொந்தமாகக் கிடைத்துவிட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களிடம் பெட்ரோல் பங்க் இருந்தது. எங்களிடம் வெர்லீன் இருந்தாள்.

நடை பழகியதிலிருந்து அவளுக்கு ஊதுவதுதான் வேலை. வகுப்பிலிருந்து கூட்டிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு நடுவே பின்வரிசைக்குச் சைகை காட்டுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் டவுனுக்குப் போனவள், அங்கே ஒரு நர்ஸ் குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவதைப் பார்த்தாள். அதிலேயே அந்த வெள்ளை மறைந்துவிடும் என்று கேள்விப்பட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப இத்தனை நாளா என்னை எதுக்கு வீடு வீடா இழுத்துட்டு அலைஞ்சீங்க? நானும் நர்ஸாவறேன். ஊதாமலே குணமாக்கிக் காட்டறேன் பாருங்க."

சொன்னபடி நர்ஸானாள். அதோடு விட்டாளா? டாக்டர் இல்லாத ஊரில் தானே நோய் பார்த்து, தானே மருந்து எழுதலாமாம். அந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பையும் பிடித்துக்கொண்டாள். பகலில் ஆஸ்பத்திரி வேலை, சாயங்காலம் இணையத்தில் பாடம். எங்கள் ஓடையில் சிக்னல் வருகிற ஒரே இடம் கல்லறை மேடு. அங்கே பிக்கப் வண்டியை நிறுத்தி, மடிக்கணினியும் சோளரொட்டியுமாக உட்கார்ந்திருப்பாள். 'செத்தவங்களுக்கு வைத்தியம் படிக்கிறா' என்று ஊர் சிரித்தது.

மூடிப்போன மளிகைக் கடையில் கிளினிக் திறந்தாள். அந்தக் கடையில் கல்லாவில் இருந்த நான், ரீவா, அதே நாற்காலியில் வரவேற்பாளர் ஆனேன். பணம் கொடுக்கிற அறக்கட்டளை கறாராகச் சொல்லிவிட்டது: ஆள் வந்தால் கிளினிக், வராவிட்டால் பூட்டு.

ஆள் வந்தது. எல்லாம் ஊதிக்கொள்ள.

வெர்லீன் பல்லைக் கடித்தாள். பிறகு ஒரு பேரம் பேசினாள். "ஊதறேன். ஆனா இந்தச் சொட்டு மருந்தையும் விடணும். குழந்தையைத் தூக்கிட்டு வந்தவங்க எல்லாரும் பிரஷரும் சர்க்கரையும் பாத்துட்டுத்தான் போகணும்."

முகமூடி போட்டுக்கொண்டு ஊதினாள். "காத்தை வடிகட்டினா பலிக்குமா?" என்று சிலர் முனகினாலும் கையை நீட்டினார்கள். குழந்தைக்குச் சரியானால் பெயர் ஊதலுக்கு, கசந்தால் மருந்துக்கு. எப்படியோ பெஞ்சு நிறைந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ஹோபர்ட் திரும்பி வந்தான். ஓடையின் தலைமாட்டில் இருக்கிற தன் அக்காள் ஓபல் வீட்டில், இருமலும் ஒரு பெட்டியுமாக இறங்கினான். ஊர் கதிகலங்கிப் போயிற்று. வெர்லீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் ஊதல் போயிற்றே! அவன் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினாலும் எனக்குப் போன் வரும்: "ரீவா, அவளை ஜன்னல் பக்கம் விடாதே." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

"அந்த மூஞ்சியைப் பாக்கணும்னு நான் ஒண்ணும் தவம் கிடக்கல, ரீவாக்கா" என்றாள். அன்று மூன்று பேருக்கு ஒரே மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தாள்.

குளிர் இறுகியபோது ஹோபர்ட்டுக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகி விட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் மலை ஏறி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஓபலும் நாலு ஆம்பிளைகளும் அவனை நேரே கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் கோழித் தீவனச் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

"மூச்சு முட்டி வந்தவருக்கு மூட்டையா?" வெர்லீன் கத்தினாள்.

"அவன் உன்னைப் பாக்கலாம். நீதான் அவனைப் பாக்கக் கூடாது. பிரசங்கியாரைக் கேட்டுட்டுத்தான் ஓட்டை போட்டோம்" என்றாள் ஓபல்.

வெர்லீன் அவன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். முகம் மாறிவிட்டது. ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவி, சில்லிட்டுப்போன விரலில் எண் காட்டவில்லை.

"அத்தை, உதடு எந்த நிறத்தில இருக்குன்னு நான் பாத்தாகணும்."

"நாங்க பாத்துச் சொல்றோம். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

சாக்கைத் தூக்கி ஐந்து தலைகள் உள்ளே எட்டிப் பார்த்தன. ஒருவன் ஊதா என்றான். இன்னொருவன் சாம்பல் என்றான். "சின்ன வயசிலேயே அவனுக்கு இந்த நிறம்தான்" என்றாள் ஓபல். பிளாக்பெர்ரி ஜாம் தின்றானா என்று கேட்டவனும் உண்டு.

வெர்லீன் திரும்பினாள். எல்லோரையும் ஒதுக்கிவிட்டு, சாக்கை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தாள். ஓபல் ஓலமிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கண்ணை மூடி என்ன பயன்?

அவன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். அதே மூக்கு, அதே முன்கோபப் புருவம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க. இருக்கிற மூச்சைச் செலவழிக்காதீங்க" என்று ஆக்ஸிஜனை வைத்து அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து பெஞ்சு காலி. வாரம் முழுக்க நானும் அவளும் ஒருவர் பிரஷரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அறக்கட்டளைக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். எனக்கு ஊர்மேல் வந்த ஆத்திரத்தில் பிரஷர் உண்மையிலேயே ஏறியிருந்தது.

அடுத்த வாரம் ஓபல் தன் மருமகள் டானெட்டோடு வந்தாள். டானெட் கையில் குழந்தை, அதன் நாக்கெல்லாம் வெள்ளை.

"அத்தை, இனிமே என்கிட்ட ஊதல் கிடையாது" என்றாள் வெர்லீன், குரல் இறங்கி.

"ஊத யாருடி கேட்டா? அந்தச் சொட்டு மருந்தைக் குடு. அதுதானே கேக்குது. எங்களுக்குத் தெரியாதா?"

மருந்தை எடுக்கப் போன வெர்லீன் திரும்பினாள். "தெரியுமா? பின்ன ஏன் என்னை ஊதச் சொன்னீங்க? அந்தச் சாக்கு எதுக்கு?"

ஓபல் கைப்பையின் வாரைத் திருகினாள். "அப்பன்தான் இல்ல, இந்தப் புள்ளைக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னுதான் அப்ப எல்லாரும் உன்கிட்டத் தூக்கிட்டு வந்தோம். அவன் உனக்குக் குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் வந்து பிடுங்கிக்கணுமா அவன்? அதுக்குத்தான் சாக்கு. அதைக் காப்பாத்த முடியலயேன்னு உன் மூஞ்சில முழிக்க ஒருத்தருக்கும் தைரியம் வரல. வெளியே வந்து பாரு, கார்லயே உக்காந்திருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். மண் பாதை நெடுக வண்டிகள்.

நோயாளிகள் முன்னால் அழக் கூடாது என்று வெர்லீன் படித்திருக்கிறாள். அன்றைக்கு அந்தப் படிப்பு உதவவில்லை. ஓவென்று அழுதாள். அவளைப் பார்த்துக் குழந்தையும் அலறியது. வாய் நன்றாகத் திறந்துகொண்டதால் மருந்து விடுவது சுலபமாகிவிட்டது.